ஒரு சரிவு மட்டும் திறந்திருக்கிறது

சென்ற குளிர்காலத்தில், நான் முன்பு வேலை பார்த்த பனிச்சறுக்கு மலையில் இப்போது பொறுப்பில் இருக்கும் பெண் என்னை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தாள். சாப்பிடும் முன் சரிவுகளைச் சுற்றிக் காட்டினாள். எங்கே திரும்பினாலும் மெல்லிய கம்பங்கள். ஒவ்வொன்றும் காற்றின் சூட்டையும் ஈரத்தையும் தானே அளக்கிறதாம்; போதுமான குளிர் வந்ததும் பனி பீய்ச்சும் இயந்திரத்தைத் தானே ஓடவிடுகிறதாம். "இதெல்லாம் இல்லாத காலத்துல நீங்க எப்படி முடிவு பண்ணீங்க?" என்று கேட்டாள். சூப் ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதிலாக அது இல்லை. வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் தூத்துக்குடிக்காரி. அப்பாவுக்கு உப்பளத்தில் மேற்பார்வையாளர் வேலை. ஊரெல்லாம் மழை வேண்டும் என்று ஜெபிக்கும்போது, இந்த வாரம் வேண்டாம் என்று மனதுக்குள் கேட்டுக்கொள்கிற வீடு எங்களுடையது. பௌதிகம் படித்தேன். அருளைக் கல்யாணம் செய்துகொண்டு எண்பதுகளின் தொடக்கத்தில் நியூ ஜெர்சிக்கு வந்தேன். அவருக்கு ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை. தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் ஈஸ்ட் பிரன்ஸ்விக் பக்கம் இருக்க, நாங்கள் மட்டும் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், மலையும் மாட்டுப் பண்ணையுமாக இருந்த ஒரு சிற்றூரில் குடியேறினோம். கிரீன் கார்டு வந்ததும் வேலை தேடினேன். அக்கம்பக்கத்தில் ஆள் எடுத்த ஒரே இடம் அந்தப் பனிச்சறுக்கு மலைதான். டிக்கெட் கவுன்டர் வேலை.

"பனியில விழுந்து எழும்புறதுக்கு டிக்கெட் வேற வாங்குவாங்களா?" என்று அருள் கேட்டார்.

"வாங்குறாங்க. வரிசையில நின்னு வாங்குறாங்க" என்றேன்.

அது பெரிய மலை இல்லை. வெர்மான்ட்டில் சறுக்கிப் பழகியவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். இரண்டு சேர் லிஃப்ட், ஐந்து சரிவு, அடிவாரத்தில் ஒரு மரக் கட்டடம், அதன் பின்னால் ஒரு குளம். அந்தக் குளத்துத் தண்ணீரைக் காற்றோடு சேர்த்துக் குழாய்களில் ஏற்றி, ஸ்னோ கன் என்கிற பீய்ச்சிகள் வழியாகத் தூவினால் அது பறக்கும்போதே உறைந்து பனியாகத் தரையில் விழும். வானம் தருகிற பனி நியூ ஜெர்சியில் போதாது. பாதிக்கு மேல் நாங்களே செய்துகொள்ள வேண்டியதுதான்.

மலையின் சொந்தக்காரர் ஹாங்க். உயரமானவர், சிவந்த காது, எப்போதும் ஒரே கம்பளித் தொப்பி. முதல் மாதம் முழுக்க நான் அவரை சார் என்றே கூப்பிட்டேன். அவரும் சளைக்காமல் மேடம் என்றே பதில் சொன்னார். எனக்கு வெட்கமாகிப் பெயர் சொல்லப் பழகிக்கொண்டேன். என் பெயரை அவர் ரிஜைனா என்பார். ரெஜினா என்று திருத்திப் பார்த்துவிட்டு, அதை நானும் விட்டுவிட்டேன்.

டிக்கெட் கவுன்டரிலிருந்து நான் வானிலைப் பக்கம் போனது ஒரு தொலைபேசிப் பேச்சால். ஒரு வாடிக்கையாளர் கூப்பிட்டு, பனி எப்படி இருக்கிறது என்று கேட்டார். எனக்கு அந்தத் தொழிலின் சொற்கள் எதுவும் தெரியாது. "மேல் பக்கம் பொடி உப்பு மாதிரி இருக்கிறது. கீழே வர வரக் கல் உப்பு. லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் கல் உப்பு ஈரமாகி இறுகிவிட்டது" என்று சொன்னேன். பின்னால் நின்ற ஹாங்க் அதைக் கேட்டிருக்கிறார். நான் போனை வைத்ததும், "அந்த ஆள் என்ன சொன்னார்?" என்றார்.

"மதியம் வரேன்னு சொன்னார்."

"புரிஞ்சுதாமா அவருக்கு?"

"புரிஞ்சதுனாலதான் மதியம் வரார். வெயில் பட்டா இறுக்கம் விட்டுடும்."

அடுத்த வாரம் பனி அறிக்கை சொல்லும் வேலை எனக்கு வந்தது. ஏற்கெனவே அதைச் சொல்லிக்கொண்டிருந்தவர் கொலராடோவுக்குப் போய்விட்டிருந்தார். இரண்டு குளிர்காலம் கற்றுக்கொள்வதில் போயிற்று. அதை விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. நிறைய நடந்தேன், நிறைய விழுந்தேன், கால் விரல்கள் எனக்கு இருக்கின்றனவா என்று பல நாள் சந்தேகப்பட்டேன்.

காலையில் விடிந்ததும் ஹாங்க்கும் நானும் லிஃப்ட்டில் மேலே போவோம். கோட்டின் இரண்டு பைகளிலும் அவர் சூடாக அவித்த முட்டை வைத்திருப்பார். மேலே போகும்வரை அது கைக்குக் கதகதப்பு, போய்ச் சேர்ந்த பிறகு காலை உணவு. எனக்கும் இரண்டு கொண்டு வருவார். உச்சி, நடு, அடிவாரம் என்று ஒவ்வொரு சரிவிலும் நின்று பார்ப்போம். அளவுகோலைக் குத்தி ஆழம் பார்க்க வேண்டும். பிறகு பூட்ஸ் குதிகாலால் ஒரு மிதி. குதிகால் புதைந்தால் ஒரு சொல், தடம் மட்டும் விழுந்தால் இன்னொரு சொல், சத்தம் மட்டும் கேட்டால் அது ஐஸ். கடைசியாக ஒரு பிடி அள்ளிக் கசக்க வேண்டும். உருண்டையானால் ஈரம் இருக்கிறது. உதிர்ந்தால் நல்ல பனி.

கீழே வந்ததும் அரசு வானிலை நிலையத்துக்குப் போன் செய்வேன். எங்கள் பக்கத்துக்கு முன்னறிவிப்பு சொல்பவர் குரல் கரகரவென்று இருக்கும். முகத்தை நான் பார்த்ததே இல்லை. அவரிடம் நான் வெப்பநிலையைவிட, காற்றில் எவ்வளவு ஈரம் என்பதைத்தான் விடாமல் கேட்பேன். காரணம் இருக்கிறது. காய்ந்த காற்றில் தெளித்த தண்ணீர் கொஞ்சம் ஆவியாகி, மிச்சத்தைக் குளிர வைத்துவிடும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதனால்தான். எனவே பனி செய்வதற்குச் சாதாரண வெப்பமானி காட்டும் எண் போதாது. குமிழில் ஈரத்துணி சுற்றிய இன்னொரு வெப்பமானி என்ன காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரே சட்டத்தில் பொருத்தி, கைப்பிடி வைத்து, கோயில் திருவிழாவில் கிலுகிலுப்பை சுற்றுவது போலச் சுற்றுவோம். பள்ளிக்கூடத்தில் ஈரக்குமிழ் வெப்பமானி என்று மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியபோது, அதை நியூ ஜெர்சி மலையில் நின்று சுற்றுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

எல்லாம் முடிந்ததும், கொதிகலன் அறைக்குப் பக்கத்தில் இருந்த சின்ன அறையில் ஒரு டேப் இயந்திரத்தில் அன்றைய அறிக்கையைப் பேசிப் பதிவு செய்வேன். எங்கள் எண்ணைக் கூப்பிடுகிறவர்களுக்கு அது ஓடும்.

ஹாங்க் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் தொப்பியைக் கழற்றி உள்பக்கத்தை உற்றுப் பார்ப்பார். ஐஸ் இருந்தால் ஐஸ் என்றே சொல்ல வேண்டும் என்பது அவருடைய ஒரே கட்டளை. மற்றபடி அவரிடம் ஒரு கேள்வி இருந்தது. நான் எதைச் சொன்னாலும், நாளைக்குக் குளிரும் என்றாலும், மழை விலகிப்போகும் என்றாலும், "சரி, எதைப் பார்த்தா நீ மனசை மாத்திப்பே?" என்று கேட்பார். அதற்குப் பதில் இல்லாவிட்டால் நான் சொன்னதை ஏற்றுக்கொள்ள மாட்டார். ஆரம்பத்தில் எரிச்சலாக இருக்கும். பிறகு அந்தக் கேள்வி வருமுன்பே பதிலோடு போக ஆரம்பித்தேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு குளிர்காலம் குளிர மறந்துவிட்டது. ஜனவரி முழுக்கச் சேறு. பிப்ரவரி நடுவில், திங்கட்கிழமையும் விடுமுறையாக வரும் நீண்ட வாரயிறுதிதான் கடைசி நம்பிக்கை. அந்த வாரயிறுதியும் போனால் பருவத்தை அத்தோடு மூடிவிட்டு எல்லோரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்று ஹாங்க் எங்களைக் கூட்டி வைத்துச் சொன்னார். அடுத்த வருடம் திறப்பாரா என்பதை அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

வியாழன் காலை நல்ல குளிர். ஸ்னோ கன்களுக்குத் தலைவரான எடி, குழாய்களைத் திறக்கத் தயாராக நின்றார். பருத்த, சிரித்த முகம், அன்று சிரிக்கவில்லை.

"கையில இருக்கிற குளிரை விடக்கூடாது. இப்பவே ஆரம்பிக்கலாம்" என்றார்.

"நாளைக்குக் காலையில மழை வருது எடி. இன்னைக்குச் செய்றது அத்தனையும் கரைஞ்சிடும். குளத்துல ஒரு தடவை ஓட்டத்தான் தண்ணி இருக்கு."

"மழைக்கு அப்புறம் குளிர் வரும்னு என்ன உத்தரவாதம்?"

"பெரிய குளிர் வராது. ஆனா ரொம்பக் காய்ஞ்ச காத்து வருது. அது போதும்."

ஹாங்க் என்னைப் பார்த்தார். கேள்வி வருமுன் நான் சொன்னேன். "நாளைக்குக் காலையில, காத்து வர்ற பக்கம், நமக்கு மேற்கே பென்சில்வேனியாவுல இருக்கிற நிலையத்துல ஈரம் குறைஞ்சிருக்கணும். குறையலைன்னா நான் சொல்றது தப்பு."

அவர் வெளியே போனார். ஜன்னல் வழியே பார்த்தோம். குளக்கரையில் நின்று ஒரு முட்டையை நிதானமாக உரித்துச் சாப்பிட்டார். திரும்பி வந்து, "காத்திருக்கலாம்" என்றார். எடி கையுறையைக் கழற்றினார்.

வெள்ளிக்கிழமை காலை மழை கொட்டியது. எங்கள் சரிவுகளில் ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்சநஞ்சப் பனியும் பழுப்பு நீராக ஓடையில் இறங்கியது. புல் தெரிந்தது. வானிலை நிலையத்தைக் கூப்பிட்டு நான் சொன்ன அந்த இடத்தின் கணக்கைக் கேட்டேன். ஈரம் குறையவே இல்லை.

ஹாங்க்கிடம் போய் அப்படியே சொன்னேன்.

"அப்போ நீ மனசை மாத்திக்கிட்டியா?" என்றார்.

"நானே வெச்ச நிபந்தனைப்படி மாத்திக்கணும்."

அவர் தொப்பியைக் கழற்றினார். உள்ளே பார்த்தார். திரும்பப் போட்டுக்கொண்டார். "அதுக்கும் மேற்கே இருக்கிற ஊரையும் கேட்டுட்டு மாத்திக்கோ. குற்றவாளியா நிக்காதே."

மறுபடி கூப்பிட்டேன். கரகரக் குரல்காரர் தாள்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. இன்னும் மேற்கே உள்ள ஊரில் ஈரம் படியிறங்கியது போல மளமளவென்று விழுந்திருக்கிறது என்றார். காய்ந்த காற்று வருகிறது, ஆனால் தாமதமாக வருகிறது. எப்போது வரும் என்று கேட்டேன். "மதியத்துக்கு மேல்" என்றார். "அதற்கு மேல் கேட்காதே அம்மா" என்கிற பாவனையில் ஒரு பெருமூச்சு.

இதற்குள் எங்கள் எண்ணுக்கு அழைப்புகள் குவிந்தன. நான் பதிவு செய்தது இதுதான்: இன்று மூடியிருக்கிறோம். பனி இல்லை. நாளை இருக்குமா என்று இந்த நிமிடம் எங்களுக்குத் தெரியாது. மாலையில் மறுபடி கூப்பிடுங்கள். தெரியாது என்று சொல்லலாமா என்று ஹாங்க்கிடம் கேட்டேன். "தெரியலைதானே?" என்றார்.

மறுபுறம் ஜோசப் அங்கிள். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் மாதம் ஒருமுறை சர்ச்சில் நடக்கும் தமிழ்ப் பூசைக்கு ஏற்பாடு செய்கிறவர். சென்னை சாந்தோம்காரர். அந்தச் சனிக்கிழமை எங்கள் மலைக்கு வர ஒரு பஸ் ஏற்பாடு செய்திருந்தார். நேராக அலுவலக எண்ணுக்கே கூப்பிட்டார்.

"ஏம்மா ரெஜினா, ரெக்கார்டிங் கேட்டேன். தெரியாதுன்னா என்னம்மா அர்த்தம்? பஸ் கன்ஃபர்ம் பண்ணியாச்சு. பசங்க எல்லாம் வெயிட் பண்ணிட்டு இருக்காங்க. உங்க ஆன்ட்டி புளியோதரைக்கு அரிசி ஊற வெச்சாச்சு."

"சாயங்காலம் சொல்றேன் அங்கிள்."

"பக்கத்து மலைக்காரன் எல்லா சரிவும் ஓப்பன்னு சொல்றான். அங்க போகட்டுமா?"

"அங்க என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. இங்க இப்ப புல்லு இருக்கு."

"நீ அங்கயே வேலை பாக்குற, வந்துடுங்க அங்கிள்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கறியே" என்று சிரித்துக்கொண்டே போனை வைத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மதியத்துக்கு மேல் மழை நின்றது. மேகம் மேற்கிலிருந்து பாய் சுருட்டுவது போலச் சுருண்டு, வெயில்கூட வந்துவிட்டது. வெப்பமானி உறைநிலைக்கு நான்கு டிகிரி மேலே நின்றது. எடி மேல்கோட்டைக் கழற்றிவிட்டுச் சட்டையோடு நின்றார். "இந்த வெயில்ல தண்ணிதான் பீய்ச்சும். பூந்தோட்டம் வேணா போடலாம்."

நான் சரிவின் நடுவுக்கு ஏறிப்போய், துணியை நனைத்து, கருவியைச் சுற்றினேன். பார்த்தேன். நம்பிக்கை இல்லாமல் மறுபடி சுற்றினேன். ஈரக்குமிழ் உறைநிலைக்கு நன்றாகக் கீழே இறங்கி அங்கேயே நின்றது. அடிவாரத்தில் ஓடைப் பக்கம் இறங்கிச் சுற்றினேன். அங்கே அந்த அளவு இறங்கவில்லை. ஓடை ஈரத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தது.

"மேல் பாதியில ஓட்டலாம். கீழ ஓடைப் பக்கம் வேண்டாம்" என்றேன்.

எடி ஒரு ஸ்னோ கன்னைத் திறந்தார். ஹாங்க் அதன் முன்னால் போய்க் கையை நீட்டி நின்றார். பனியா தண்ணீரா என்று அறிய இதைவிட நல்ல வழி இன்றும் இல்லை. கோட்டுக் கையில் விழுகிற துளி துள்ளித் தெறித்தால் பனி. ஒட்டிக்கொண்டு நனைத்தால் தண்ணீர். விழுந்தது. நனைத்தது. எடி என்னைப் பார்த்தார்.

"தண்ணியைக் குறைங்க. காத்தைக் கூட்டுங்க" என்றேன்.

அவர் திருகைத் திருப்பினார். பாதி நனைத்தது. இன்னும் திருப்பினார். ஹாங்க்கின் கைமேல் வெள்ளைத் துகள்கள் விழுந்து, கடுகு தாளிப்பது போலத் துள்ளிக் கீழே போயின. அவர் கையை எடுக்கவே இல்லை. முழங்கைவரை பார்த்துக்கொண்டே நின்றார். எடி ஓடிப்போய் அடுத்ததைத் திறந்தார். கோட்டு போட்டுக்கொள்ளக்கூட அவருக்கு ஞாபகமில்லை.

பிறகுதான் கஷ்டமான பேச்சு. இருக்கிற தண்ணீரை ஐந்து சரிவுக்கும் பிரித்தால் எல்லாவற்றிலும் ஒரு மெல்லிய பூச்சு விழும். மலை வெள்ளையாகத் தெரியும். எல்லா சரிவும் திறந்திருக்கிறது என்று சொல்லலாம். நண்பகலுக்குள் கல்லும் வேரும் வெளியே வந்துவிடும். ஒரே சரிவில் கொட்டினால் மூன்று நாளும் நிற்கும். ஆனால் நீண்ட வாரயிறுதியில் ஒரு சரிவு மட்டும் என்று சொல்கிற மலைக்கு யார் வருவார்கள்?

ஹாங்க் எடியிடம் கேட்டார். எடி ஒன்று என்றார். என்னிடம் கேட்டார். நானும் ஒன்று என்றேன். மறுபடி குளக்கரைக்குப் போனார். முட்டை தீர்ந்துவிட்டது போலிருக்கிறது, சும்மா நின்றார். வந்து, "பெரிய லிஃப்ட் பக்கத்துச் சரிவு. அதுதான் புதுசா கத்துக்கிறவங்களுக்கும் ஆகும்" என்றார். அடிவாரத்துக்குப் பனியை மேலிருந்து வண்டியால் தள்ளிக்கொண்டு வருவதாக எடி ஏற்றுக்கொண்டார்.

மாலையில் பதிவு செய்தேன். நாளை ஒரு சரிவு மட்டும் திறந்திருக்கும். நல்ல ஆழமான பனி. கரடுமுரடாக இல்லை. ஐந்து சரிவு வேண்டுகிறவர்கள் எங்களைத் தேடி இவ்வளவு தூரம் வர வேண்டாம். குழந்தைக்கு முதல்முறை சறுக்கக் கற்றுக்கொடுக்க நினைத்தால், வாருங்கள்.

பிறகு ஜோசப் அங்கிளைக் கூப்பிட்டேன். "இப்ப சொல்றேன் அங்கிள். வாங்க."

சனிக்கிழமை வெயில் அடித்தது. குளம் தரை தட்டிவிட்டது. நடுவில் ஒரு பழைய டயர்கூடத் தெரிந்தது. ஆனால் பழுப்பு மலையின் நடுவில் அந்த ஒரு சரிவு மட்டும், உலர்த்தப் போட்ட வேட்டி மாதிரி வெள்ளையாக நீண்டு கிடந்தது. கார்கள் வந்துகொண்டே இருந்தன. பலரும் குழந்தைகளோடு வந்தார்கள். டிக்கெட் கவுன்டரில் ஒருவர், "நீங்கள்தான் வர வேண்டாம் என்று சொன்ன பெண்ணா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். நான்கு டிக்கெட் வாங்கினார்.

பஸ்ஸும் வந்தது. ஆன்ட்டிமார் சேலைக்கு மேல் கோட்டு, கோட்டுக்கு மேல் சால்வை. இறங்கிய ஒரு சின்னப் பெண் குனிந்து ஒரு பிடி அள்ளி, "ஆன்ட்டி, இஸ் திஸ் ரியல் ஸ்னோ?" என்று கேட்டாள்.

"ரியல்தாம்மா. நாங்களே செஞ்சது" என்றேன். அவள் அதை யோசித்துவிட்டு நக்கிப் பார்த்தாள்.

ஜோசப் அங்கிள் வாடகைக்கு எடுத்த சறுக்குக் கட்டைகளைக் காலில் கட்டிக்கொண்டு, யார் சொல்லியும் கேட்காமல் கிளம்பி, பத்தடி தள்ளி உட்கார்ந்த நிலையிலேயே மிச்சச் சரிவை முடித்தார். அருளும் அன்றுதான் முதல்முறை சறுக்கினார். விழுந்து எழுந்து, பனி ஒட்டிய மீசையோடு வந்து, "இதுக்கு டிக்கெட் வாங்கலாம் ரெஜி" என்றார். ஹாங்க் புளியோதரை சாப்பிட்டார். காரத்தில் காது இன்னும் சிவந்தது. இன்னொரு தட்டு கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே போயிற்று. அன்று கிழக்கே கடலோரமாக ஒரு புயல் போய்க்கொண்டிருந்தது. கரையைத் தொடாமல் கடலோடு போய்விடும் என்று வானிலை நிலையம் சொன்னது. எனக்கும் அப்படித்தான் பட்டது. ஹாங்க் அன்று, எதைப் பார்த்தால் மனதை மாற்றிக்கொள்வேன் என்று கேட்கவில்லை. எல்லோரும் களைத்திருந்தோம்.

திங்கட்கிழமை காலை வீட்டுக் கதவைத் திறக்க அருள் தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது. புயல் எங்களை நோக்கித் திரும்பி, இரவெல்லாம் பனியைக் கொட்டியிருக்கிறது. சாலையில் பனி தள்ளும் வண்டி வழியெடுத்துக் கொடுத்த பின்தான் மலைக்குப் போய்ச் சேர்ந்தேன். ஐந்து சரிவும், லிஃப்ட்டின் இருக்கைகளும், வற்றிய குளமும், அதிலிருந்த டயரும், எல்லாம் ஒரே வெள்ளை. நாங்கள் உயிரைக் கொடுத்துச் செய்த சரிவு எது என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. ஹாங்க் அளவுகோலை உச்சியில் குத்தினார். அது முழுதாக உள்ளே போய்விட்டது. கையை விட்டுத் துழாவி எடுத்தார். அவர் தோள் குலுங்குவதைப் பார்த்த பிறகுதான் சிரிக்கிறார் என்று தெரிந்தது. எடி பனியில் மல்லாக்கப் படுத்துவிட்டார்.

கீழே வந்து டேப் முன்னால் உட்கார்ந்தேன். வணக்கம் சொன்னேன். எல்லா சரிவும் திறந்திருக்கிறது என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் முடியவில்லை. சிரிப்பை அடக்க அடக்க அது மூக்கு வழியாக வந்தது. பனியின் ஆழத்தைச் சிரிப்புக்கு நடுவில்தான் சொல்லி முடித்தேன். அழித்துவிட்டு மறுபடி பேசுகிறேன் என்று பொத்தானுக்குக் கை நீட்டினேன். வாசலில் நின்ற ஹாங்க், "அப்படியே இருக்கட்டும்" என்றார்.

கொஞ்ச நேரத்தில் ஜோசப் அங்கிள்.

"என்னம்மா, ரெக்கார்டிங்ல ஒரே சிரிப்பா இருக்கு?"

"ஆமா அங்கிள். மலை பூரா பனி."

"ஒரே ஒரு சரிவுல எங்களை எல்லாம் லைன்ல நிக்க வெச்சியே. ரெண்டு நாள் முன்னாடியே இதைச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"தெரிஞ்சிருந்தா எங்க குளத்துல தண்ணியாவது மிஞ்சியிருக்குமே அங்கிள்."

அவரும் சிரிக்க ஆரம்பித்தார். பின்னால் ஆன்ட்டி, யாரு, என்ன, என்று கேட்கும் குரல். பிறகு குரலைத் தணித்து, "இடுப்பு வலி இன்னும் போகலை. இருந்தாலும் கேக்கறேன். இன்னைக்கும் வரலாமா?" என்றார்.

ரோடு சரியானதும் பஸ் இல்லாமல் அவரவர் காரிலேயே ட்ரைவ் பண்ணிக்கொண்டு வந்து இறங்கினார்கள். எது திறந்திருக்கிறது என்று அன்று யாரும் என்னைக் கேட்கவில்லை.